எல்லைக்காரன் வெட்டும் முதல் மண்

டிரம்கேலன், லீட்ரிம்
செப்டம்பர் 6, 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கப்பலில் முழுக்க வாந்தி, ரயிலில் முழுக்கத் தூக்கம், கேரிக்கிலிருந்து வந்த பஸ்ஸில் முழுக்க விசாரணை. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பஸ் கிளம்புவதற்குள் என் வயசு, வேலை, இன்னும் கல்யாணம் ஆகாத காரணம் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். "மெக்கவர்ட்டியா? எந்த மெக்கவர்ட்டி?" என்றாள். ஃபீலிம் மெக்கவர்ட்டியின் மகள் என்றேன். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள்தான், இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

டெலியா மக்மாரோவின் கடை மாடியில் தங்கியிருக்கிறேன். முன்னால் சர்க்கரையும் சோப்பும், நடுவில் பப், பின்னால் கொட்டகையில் சவப்பெட்டிகள். டெலியாவைத் தாண்டி இந்த ஊரில் யாரும் வாழவும் முடியாது, சாகவும் முடியாது போலிருக்கிறது. வந்த விஷயத்தை அவளிடம் சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை, தன் அப்பா அம்மா கிடக்கிற குழியிலேயே கிடக்க ஆசைப்படுகிறார் என்றேன்.

"பெட்டி நான் தர்றேன். பூசையைச் சாமியார் வைப்பார். குழி யாரு வெட்டுவா?" என்றாள்.

"இங்கே அதுக்கு ஆள் இருப்பாங்க இல்லையா?"

"இருக்காங்க. போய்க் கேட்டுப் பாரு." சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த மேஜையை இன்னொரு தடவை துடைத்தாள்.

இன்று காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். போன மாசம்தான் சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்தாராம். அதற்காக ஊரே கூடிப் புல் அறுத்து, கல் கழுவி, பூ வைத்திருக்கிறது. நம்முடையதில் மட்டும் இடுப்பளவு செந்தட்டி. பக்கத்துக் கல்லறையில் புல் செதுக்கினவர்கள் நம் எல்லை வந்ததும் கத்தியால் கோடு போட்டதுபோல நிறுத்தியிருக்கிறார்கள். கையில் கிடைத்ததைப் பிடுங்கிப் போட்டேன். கை முழுக்கத் தடிப்பு.

ஒன்று கேட்க வேண்டும். நேரே கேட்கத் தைரியம் வரவில்லை. அம்மா பர்மிங்காம் கல்லறையில் தனியாகக் கிடக்கிறாள். பக்கத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது. அவளை அங்கே விட்டுவிட்டு, செந்தட்டி முளைத்த இந்தக் குழிக்கு ஏன் இப்படித் துடிக்கிறீர்கள்? பள்ளிக்கூடச் சமையலறையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பதில் சொல்லுங்கள்.

கீழ்வீட்டு மிஸஸ் கான் குழம்பு கொண்டுவந்தால் மூக்கைச் சுளிக்காமல் சாப்பிடுங்கள்.

எத்னா

*

ஸ்பார்க்ஹில், பர்மிங்காம்
செப்டம்பர் 10

எத்னா,

குழம்பு வந்தது. சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மாள் நான் உருகிப்போய்விட்டதாக நினைத்துக்கொண்டு நாளைக்கும் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் வந்தவள் யாராக இருந்தாலும் அவளுக்குக் காது கேட்டிருக்காது. அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஈரத்தில் காது அடைத்துப்போகும். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் அம்மா கெர்ரிக்காரி. "உங்க ஊர் ஈரக் குழியில என்னைப் போட்டீங்கன்னா எழுந்து வந்து உதைப்பேன்" என்றாள். நான் என்ன செய்ய? அவளைக் கேட்டுத்தான் அங்கே வைத்தேன். என்னை யாரும் கேட்கவில்லையா, நானே சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் இந்த ஊரின் அடியில் சுரங்கம் தோண்டியவன் நான். இந்த மண்ணுக்குள் இருந்தது போதும்.

இப்போது காரியத்தைக் கேள். நீ இங்கிலீஷ்காரி மாதிரி வளர்ந்தவள், ஏதாவது உளறிவைப்பாய். எங்கள் ஊரில் குழியைச் சொந்தக்காரன் தொடமாட்டான். கூலிக்காரனும் தொடக்கூடாது. அக்கம்பக்கத்தார்தான் வெட்டுவார்கள். முதல் மண்ணை வெட்டவேண்டியவன் எல்லைக்காரன், அதாவது நம் வேலிக்கு அடுத்த வேலிக்காரன். நமக்கு அது பேக்கி கில்ரேன். அவன் வெட்டினால் மற்றவர்கள் தானாக வருவார்கள். கூலி கொடுத்து வெட்டினால் செத்தவனுக்கு ஊரில் ஒரு நாதியும் இல்லை என்று அர்த்தம். அப்படிப் புதைவதற்கு நான் இங்கேயே குப்பைத்தொட்டியில் கிடப்பேன்.

பேக்கி வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போ. வெறுங்கையோடு போகாதே. அவன் பெண்டாட்டி ரோஸ் ஆன் டீ கொடுப்பாள், இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது தடவை வாங்கிக்கொள். மழையைப் பற்றிப் பேசு, கன்றுக்குட்டிகளைப் பற்றிப் பேசு. குழி வெட்டுவீர்களா என்று கேட்டுத் தொலைக்காதே. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இரு. "நாங்க இருக்கோம்" என்பான். அதுதான் பதில். அதைக் கேட்காமல் எழுந்து வராதே.

ரோஸ் ஆனை நான் விசாரித்ததாகச் சொல்லவேண்டாம். அவளாகக் கேட்டால் சொல்.

அப்பா

*

டிரம்கேலன்
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எனக்கு மழையைப் பற்றிப் பேசச் சொல்லிக்கொடுத்தீர்கள். மரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் போனேன். டெலியாவின் கடையில் வாங்கிய கேக் கையில். நல்ல வெயில், ஏரி பளபளவென்று கிடந்தது, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன். கில்ரேன் வீட்டுச் சந்தில் திரும்பினதும் குளிர், மறுபடி போட்டுக்கொண்டேன். சந்துக்கு அந்தப் பக்கம் முழுக்க ஊசியிலை மரம். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிறது, உள்ளே ஒரு பறவைச் சத்தம் இல்லை. அவர்கள் வீடு அதன் காலடியில் கிடக்கிறது. சுவரெல்லாம் பாசி. கொடியில் துணி காயப்போட்டு எத்தனை நாள் ஆயிற்றோ, ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

சமையலறையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே அவ்வளவு வெயிலில் இருந்து வந்தவளா, எனக்குப் புரியவில்லை. "பகல்ல லைட்டை அணைக்க மறந்துட்டீங்க போல" என்று சிரித்துக்கொண்டே நானே எட்டி சுவிட்சை அணைத்துவிட்டேன். அப்பா, எதிரே உட்கார்ந்திருந்த அவர்களுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிக்கிற சதுப்பு மண்கட்டி கனன்றுகொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து ரோஸ் ஆன் இருமிக்கொண்டே சொன்னாள்:

"போட்டுவிடும்மா கண்ணு. எங்க வீட்டுக்கு அதுதான் சூரியன்."

வெட்கத்தில் செத்துப்போனேன். டீயை முதல் தடவையே வாங்கிக்கொண்டேன், மூன்று வரைக்கும் எண்ண எனக்குப் புத்தி இல்லை.

பேக்கி நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். கன்றுகளைப் பற்றிச் சொன்னார். நான் அந்த மரம் யாருடையது என்று கேட்டேன். ரோஸ் ஆன் அவரைப் பார்த்தாள். அவர் தன் கோப்பையைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாது."

"உங்க நிலம்தான். எங்க முன்வாசலுக்கு எதிர்ல இருந்த ரெண்டு வயலை மட்டும் எனக்குக் குடுன்னு உங்கப்பன்கிட்ட கேட்டேன். பார்க்கலாம்னான். அந்த வாரமே மொத்தத்தையும் வனத்துறைக்கு வித்துட்டுக் கப்பல் ஏறிட்டான். பஸ்ஸுக்கு நிக்கும்போது கேட்டதுக்கு, 'குச்சி நடப்போறாங்க பேக்கி, உன் முழங்கால் உயரம்கூட வராது'ன்னான்."

"உங்கப்பன் இவர் முழங்காலை அளந்து பார்க்கலை" என்றாள் ரோஸ் ஆன். சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. ஆகஸ்டு கடைசியில் போகிற வெயில் அந்த வாசலுக்கு ஏப்ரலில்தான் திரும்பி வருமாம். பல வருஷமாக அப்படியாம்.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். சும்மா இருந்தேன். பேக்கி நீங்கள் சொன்ன வார்த்தையைச் சொல்லவில்லை. "சாயங்காலம் மழை வரும் போல" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்க எழுந்து போய்விட்டார். மழை வரவில்லை.

விற்பதற்கு முன்னால் எல்லைக்காரனிடம் கேட்கவேண்டும் என்பதும் உங்கள் ஊர் வழக்கம்தானாம். டெலியா சொன்னாள். அதை எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லையா?

எத்னா

*

ஸ்பார்க்ஹில்
செப்டம்பர் 17

எத்னா,

உன்னை ஒரு காரியமாக அனுப்பினேன், நீ என்மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

நான் மரம் நடவில்லை. ஒரு மரம்கூட நடவில்லை. வேலிக்கு இத்தனை அடி தள்ளி நடு என்று சொல்லவேண்டியது நானா? போனவன் போய்விட்டேன். அங்கே எனக்கு இருந்தது கோரை முளைத்த மேடு. மாட்டைக் கொண்டுபோய் நிறுத்தினால் முழங்கால் வரை இறங்கும். அந்த வருஷம் இரண்டு பசு செத்தது. உனக்கு நாலு வயசு, ராத்திரி பகல் இருமல், அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேக்கி என்ன சொன்னான் என்று அவனிடம் கேட்டாயா? "வசந்தம் வரட்டும், கன்னு வித்துத் தர்றேன்" என்றான். வனத்துறைக்காரன் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே பணம் என்றான். மொத்தமாகக் கொடுத்தால்தான், இரண்டு வயலை விட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்றான். நான் வசந்தம் வரை காத்திருந்தால் நீ இருந்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

குச்சி என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன். பஸ் வந்துகொண்டிருந்தது, உன் அம்மா அழுதுகொண்டிருந்தாள். என்னவோ சொன்னேன்.

பல்பை அணைத்ததற்கு உன்னைத் திட்டமுடியாது. என் வளர்ப்பு.

ரோஸ் ஆனுக்கு என்ன மாதிரி இருமல்? வறட்டு இருமலா, சளி வருகிறதா? டாக்டரிடம் காட்டினார்களா? அவள் திடமான மனுஷி, வைக்கோல் போரில் எங்களோடு சரிக்குச் சரி நிற்பாள்.

அவன் சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை. இன்னொரு தடவை போய்க் கேட்காதே. ஃபீலிம் மெக்கவர்ட்டி யாரிடமும் இரண்டு தடவை கேட்டவன் இல்லை. நீ திரும்பி வா.

அப்பா

*

டிரம்கேலன்
செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊரில் என் பெயரைக் கெடுத்துக்கொண்டேன். உங்கள் பெயர் கெட இன்னும் இடம் இருந்திருக்கிறது, அதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் கேரிக்குக்குப் போனேன். அங்கே ஒரு ஆள் மண்வெட்டும் இயந்திரம் வைத்திருக்கிறார், சாக்கடை தோண்டுகிறவர். எப்போது சொன்னாலும் வந்து அரை மணியில் குழி வெட்டித் தருகிறேன் என்றார். பேக்கி மாட்டேன் என்றுதானே சொன்னார், நாம் யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்று நினைத்தேன். ரொம்ப ரோஷமாக நடந்துகொண்டதாக எனக்கு எண்ணம். திரும்பி வந்து டெலியாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கையில் இருந்த கோப்பை மேஜையில் விழுந்தது.

"இயந்திரமா? நம்ம தோட்டத்துக்கா? அட படுபாவி மகளே!" என்றாள்.

நான் மாடி ஏறி முகம் கழுவுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கீழே கூப்பிட்டார்கள். பப்பில் இருந்தவர்கள் யாரும் குடிக்கவில்லை. பேக்கி நடுவில் நின்றுகொண்டிருந்தார், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு சாதுவான மனுஷன் என்னைப் பார்த்துக் கத்தினார்:

"வெட்டமாட்டோம்னு உன்கிட்ட யாரு சொன்னா? நான் சொன்னேனா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணும் சொல்லலைன்னா மாட்டேன்னு அர்த்தமா? எந்த ஊர்ல அப்படி? நான் யோசிச்சுட்டு இருந்தேன்! ஒரு மனுஷனுக்கு யோசிக்க ஒரு வாரம் குடுக்கமாட்டீங்களா? உங்கப்பனும் இப்படித்தான், பதில் வர்றதுக்குள்ள வித்துட்டுப் போனான். இப்ப நீ! கேரிக்குக்காரன் சாக்கடை மெஷினைக் கொண்டுவந்து டிரம்கேலன்ல நாதியத்த பொணம் இருக்குன்னு நாலு ஊருக்குக் காட்டப்போறியா?"

நான் அங்கேயே நின்று அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. டெலியா மட்டும் ஒரு விஸ்கியை என் முன்னால் வைத்துவிட்டு, "குடி. நாளைக்குக் காலையில போய் அந்த மெஷின்காரனை வேணாம்னுட்டு வா" என்றாள். போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று ரோஸ் ஆன் கூப்பிட்டு அனுப்பினாள். படுக்கையில் இருக்கிறாள். சளிதான், அப்பா. நெஞ்சு முழுக்க. டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்கிறார், அவள் போகமாட்டேன் என்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பேக்கிக்கு உங்கப்பன்மேல கோவம்னு நினைச்சியா? அவருக்குக் கோவம்லாம் வராது, வருத்தம்தான். கோவம் எனக்கு. உங்கப்பன்கிட்ட போய்ச் சொல்லு, பெட்டியில வர்றதுக்கு முன்னாடி கால்ல நடந்து வரச்சொல்லு. என் அடுப்படியில உக்காரட்டும். அப்புறம் அவன் குழியைப் பத்திப் பேசலாம்."

உங்களால் அவ்வளவு தூரம் வரமுடியாது என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொன்னேன். "அப்ப என்னால மட்டும் இங்க இருக்கமுடிஞ்சுதா?" என்றாள்.

என்னைச் சின்ன வயசில் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு அந்த அடுப்படியில் உட்கார எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தீர்கள்? நான் இந்த விலை கேட்கவில்லை.

எத்னா

*

ஸ்பார்க்ஹில்
செப்டம்பர் 23

எத்னா,

முடியாது. டாக்டரே படி ஏறாதே என்கிறார். கப்பல், ரயில், பஸ், அப்புறம் அந்தச் சந்து. வழியில் போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு? ரோஸ் ஆனா? எப்போதும் அவளுக்கு நாக்கு நீளம். நீ மூட்டையைக் கட்டு.

24-ஆம் தேதி. நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. மாடிப்படி இறங்கத் தெம்பில்லை என்று நினைத்தேன். தெம்பு இருந்தது.

மதியம் நல்ல வெயில் அடித்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பல்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சும்மா, எப்படித்தான் இருக்கிறது என்று. சுரங்கத்தில் இருந்தவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். சுரங்கத்தில் ஷிப்டு முடிந்தால் மேலே வந்துவிடுவோம். கொஞ்ச நேரத்திலேயே எழுந்து திரையை விலக்கிவிட்டேன். பிறகு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன், மிஸஸ் கான் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்கும்வரை.

மிஸ்டர் கான் என்னை ஹோலிஹெட் துறைமுகம் வரை காரில் கொண்டுவிடுவதாகச் சொல்கிறார். பெட்ரோலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளமாட்டாராம். இந்த மனுஷருக்கும் எனக்கும் ஒரே ஒரு படிக்கட்டுதான் பொது.

பேக்கியிடம் சொல்லாதே. சொன்னால் ஓடிவந்து பஸ் ஸ்டாப்பில் நிற்பான், அவனுக்கு முன்னால் எனக்கு நடை தடுமாறும்.

அப்பா

*

ஸ்பார்க்ஹில்
அக்டோபர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று வேலைக்குப் போனேன். லீவை நீட்டியதற்குச் சமையலறைத் தலைவி ஒரு வாரத்துக்கு என்னை உருளைக்கிழங்கு உரிக்க வைத்திருக்கிறாள். வீட்டில் உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களை அங்கே விட்டுவிட்டு வந்தது சரியா என்று தெரியவில்லை. என் கண்ணிலேயே நிற்கிறது: நீங்கள் சந்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தது, மரத்தின் கீழே வந்ததும் நிமிர்ந்து உச்சியைப் பார்த்துவிட்டு, "யேசுவே" என்று சொன்னது. அதற்கு அப்புறம் நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். சண்டை போடுவீர்கள், அழுவீர்கள், மன்னிப்புக் கேட்பீர்கள் என்று. நீங்களும் பேக்கியும் சாயங்காலம் வரை அந்தப் பல்பின் கீழே உட்கார்ந்து சந்தையில் கன்று விலை பேசினீர்கள்! ரோஸ் ஆன் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தினமும் போய் இப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறீர்களா?

நாம் எதைக் கேட்கப் போனோம்? வெட்டுவார்களா, மாட்டார்களா? நான் பஸ் ஏறும்வரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் யாரைக் கூப்பிடுவது? அந்த மெஷின்காரர் முகவரியைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

13-ஆம் தேதி உங்களை ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். அதற்குள் வந்துவிடுங்கள். மாத்திரை தீர்ந்திருக்கும்.

எத்னா

*

டிரம்கேலன்
அக்டோபர் 11

எத்னா மகளே,

ரோஸ் ஆன் போய்விட்டாள். சனிக்கிழமை காலையில். நேற்று அடக்கம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை நான் போனபோது பேசினாள். என்னைக் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "பார்த்தியா, ஃபீலிம்?" என்றாள். பார்த்தேன் என்றேன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். "அதெல்லாம் வேணாம். அதைக் கேட்டு நான் என்ன பண்ண? ஒரு குளிர்காலம் இருந்து பாரு. அது போதும்" என்றாள். நான் சரி என்றேன். எனக்கும் அவளுக்கும் எத்தனை குளிர்காலம் பாக்கி என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் இரண்டு பேரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை புதுக் குழிக்கு மண் வெட்டக்கூடாது என்று இங்கே வழக்கம். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். மழை. நான் சுவர் ஓரம் கல்லில் உட்கார்ந்திருந்தேன், டெலியா கொடுத்த குடையோடு. பேக்கி வரவில்லை, வரக்கூடாது. மண்வெட்டியைக் குழி இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு எல்லாரும் நிற்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை. ஒருத்தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். ஒருத்தன் பைப் பற்றவைத்தான், மழையில் அது எங்கே பற்றும்? எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் மண் எல்லைக்காரன் வெட்டவேண்டும். பேக்கி வீட்டுக்கு ஒரு பக்கம் ஏரி. மூன்று பக்கமும் நம் மரம்.

அவர்கள் யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எழுந்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். குடையை வைத்துவிட்டுப் போனேன். எனக்கு வழி விட்டார்கள். மண்வெட்டியைத் தூக்கமுடிந்தது, அழுத்த முடியவில்லை. காலால் மிதித்து இறக்குகிற மண்வெட்டி அது, அதன்மேல் ஏறி நின்றேன், என் கனத்துக்கு அது இறங்கவில்லை. வாழ்நாள் முழுக்க மண் வெட்டிச் சாப்பிட்டவன் மகளே, ஒரு கட்டி மண் பெயர்க்க முடியாமல் ஊர் முன்னால் ஆடிக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கைகொடுக்கவும் இல்லை. கொடுக்கக்கூடாது, அது என் மண். கடைசியில் ஒரு துண்டு பெயர்ந்தது. புரட்டி வைத்தேன். அப்புறம் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

நேற்றும் மழை. அடக்கம் முடிந்து எல்லாரும் கைகுலுக்கிப் போனபிறகு நான் அங்கேயே நின்றேன். பக்கத்தில்தான் நம் இடம். செந்தட்டி நீ பிடுங்கிய மட்டில்தான் இருக்கிறது. மண்டியிட்டு இரண்டு பிடுங்கினேன், இருமல் வந்துவிட்டது. அவளிடம் கேட்க நினைத்ததை நான் கேட்கவே இல்லை. அவள் வீட்டு வாசலில் இனிமேல் யாருக்காக வெயில் வரவேண்டும்? என்னால் தாங்கமுடியவில்லை எத்னா, இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். அந்த மண்ணை வெட்டியதால் எனக்கு எந்தப் பாரமும் இறங்கிவிடவில்லை.

டாக்டரிடம் சொல்லிவிடு, 13-ஆம் தேதி நான் வரவில்லை. ஒரு குளிர்காலம் என்று சொல்லியிருக்கிறேன். இன்றிலிருந்து டெலியாவின் மாடி இல்லை, பேக்கி வீட்டிலேயே இருக்கப்போகிறேன். அவனுக்குச் சமைக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரையைத் தபாலில் அனுப்பு. அம்மாவிடம் நீ போய்ச் சொல்லு, கோபப்பட்டால் என்னிடம் வந்து சண்டை போடச் சொல்லு.

நீ கேட்டதற்குப் பதில். நான் செந்தட்டி முன்னால் மண்டி போட்டு இருமிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து என் கைக்கு அடியில் பிடித்துத் தூக்கினார்கள். பேக்கி. கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டி, கண் இரண்டும் சிவந்திருந்தது. இன்னும் தோட்டத்து வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், மண்வெட்டியைப் புல்லில் துடைத்துக்கொண்டு. அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்:

"மழையில நிக்காதே ஃபீலிம், வீட்டுக்கு நட. ஒரே வாரத்துல ரெண்டு குழி எங்களால ஆகாது."

அப்பா